செலவு வந்தால் விடுதலை

ஜெயிலர் ஐயா எங்கள் ஆய்வுகூடத்துப் படியில் கால் வைக்கும்போதே தொப்பியைக் கழற்றிவிடுவார். அதைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலை மேலிருந்து கீழே வாசிப்பார். நேற்றையைவிட இன்றைக்கு விலை குறைந்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு வாசிப்பது போலிருக்கும். முடித்ததும் ஒரு பெருமூச்சு. பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"பிள்ளை, சுகமோ?"

மன்னார்ப் பட்டினத்தில் ஆசுப்பத்திரி றோட்டில் இருந்தது அந்த ஆய்வுகூடம். படிப்பை முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை. ஆசுப்பத்திரியில் செய்ய முடியாத சோதனைகளை வைத்தியர்கள் வெளியே எழுதுவார்கள். சீட்டோடு ஆட்கள் எங்களிடம் வருவார்கள். வருகிறவர்களில் ஒரு வகை, கையில் விலங்கோடு வருகிறவர்கள். பக்கத்திலிருந்த சின்ன மறியற்சாலையிலிருந்து அவர்களைக் கூட்டி வருவார்கள். எல்லாரும் விளக்கமறியல்காரர், வழக்கு முடியாதவர்கள், பிணைக்கு ஆள் கிடைக்காதவர்கள். அவர்களுக்குப் பொறுப்பானவர்தான் ஜெயிலர் ஐயா. அரச காவலில் இருக்கிறவரின் வைத்தியச் செலவு அரசாங்கத்தினுடையது. அதாவது, அவர் கையெழுத்து வைத்தால் பில் அவருடைய கந்தோருக்குப் போகும். நான் அறிய அவர் அதுவரை ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை.

நான் பார்த்த முதல் ஆள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு காவலரின் கையோடு அவருடைய இடக்கை பூட்டியிருந்ததால், காய்ச்சல்காரர் நடுங்கும்போதெல்லாம் காவலரும் நடுங்கினார். நான் இரத்தம் எடுத்து முடித்துக் காசைக் கேட்டேன்.

"ஆர் தாறது?" என்று ஜெயிலர் ஐயா என்னையே திருப்பிக் கேட்டார்.

"கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள்தான், ஐயா."

"நான் எங்க கூட்டிக்கொண்டு வந்தனான்? பொலிஸ் பிடிச்சது. நீதவான் உள்ள போடச் சொன்னவர். டொக்டர் எழுதினவர். நீர் குத்தினனீர். இதில நான் எங்க நிக்கிறன், சொல்லும் பாப்பம்?"

யோசித்தால் அவர் எங்கேயும் நிற்கவில்லைத்தான். காய்ச்சல்காரர் பல்லுக் கிடுகிடுக்க, "பிழை என்னிலதான் ஐயா. காய்ச்சல் வந்தது என்ர உடம்புக்கெல்லோ" என்றார்.

"பாத்தீரோ பிள்ளை, எவ்வளவு நேர்மையான பெடியன்!" என்று ஐயா அவருடைய முதுகைத் தடவினார்.

கடைசியில் என்னுடைய போனில்தான் பேச வேண்டியிருந்தது. பள்ளிமுனையிலிருந்து காய்ச்சல்காரரின் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து காசைக் கட்டினான். அதற்குள் ஜெயிலர் ஐயா வெளியே போய் ஒரு சீப்புக் கதலி வாங்கி வந்து, காய்ச்சல்காரருக்குத் தன் கையாலேயே உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்தக் காசு.

அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். மறியலில் இருந்த ஒவ்வொருவருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். திருநாளுக்கு உடுக்கப் புதுச் சாரம் இல்லாதவர்களுக்குத் தன் சாரத்தைக் கொடுத்திருக்கிறார். சொந்தக் காசில் வாழைப்பழம், சவர்க்காரம், வெற்றிலை என்று எதுவும் வாங்குவார். அரசாங்கக் காசில் ஒரு ஊசி வாங்க அவருக்குக் கை வராது. ஒருமுறை காரணத்தைக் கேட்டேன். முன்பு வேலை செய்த ஏதோ ஓர் ஊரில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கைதியின் பில்லுக்குக் கையெழுத்து வைத்தாராம். கைதி பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். கணக்காய்வுக்காரர் வந்துவிட்டார்கள்.

"ஆள் செத்திருந்தா ஒரு கேள்வியும் வந்திருக்காது பிள்ளை" என்றார். "உயிரோட போனவனுக்குத்தான் விளக்கம் கேட்டவை. என்ர சம்பளத்தில கழிச்சவை. கழிச்சு முடிய அவன்ர மூத்த மகளுக்குக் கலியாணமே நடந்திட்டுது. எனக்கும் சொன்னவன், போனனான். நல்ல சாப்பாடு."

அதற்குப் பிறகு நோய் என்றால் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்த ஆள் வேறு யாருடைய பொறுப்பாக இருக்க முடியும்?

எல்லை தாண்டி வந்து பிடிபடும் இந்திய மீனவர்கள் என்றால் அவருக்கு மிகவும் பிடிக்கும். "இவருக்கெண்டு ஒரு நாடே இருக்கு பிள்ளை, கேக்கிறதுக்கு" என்பார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றிய ஒரு மீனவரைக் கூட்டி வந்தபோது, அவருடைய தூதரகத்துக்கு எழுதுவதாகச் சொல்லி, இரத்தம் எடுத்ததோடு சோதனையை நிறுத்தி வைத்தார். ஆங்கிலத்தில் கடிதம் தயாரானது. எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் கொண்டு வந்தார். பிறகு மரியாதை போதாது என்று இன்னொன்று எழுதினார். பிறகு மரியாதை கூடிவிட்டது என்று வேறொன்று. கதிரையில் குந்தியிருந்த மீனவர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க பேசுறது நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரில்ல இருக்கு?"

"மண்டபம் கேம்ப்புல பொறந்தவ. பத்தாவது படிக்கிறப்பதான் இங்க வந்தோம்."

"அப்ப நம்ம புள்ள! அந்த ஐயா என்னதான் எழுதுறாரு?"

"உங்க ரத்தத்துக்குக் காசு கேட்டு எழுதுறாரு."

"குத்தி எடுத்ததே நீங்கதானே?" என்றார் அவர், உண்மையான குழப்பத்தோடு.

கடிதம் ஒருவழியாகத் திருத்தமாக வந்த அன்று நீதிமன்றம் அவரை விடுவித்து ஊருக்கு அனுப்பிவிட்டது. ஜெயிலர் ஐயா கடிதத்தைக் கிழிக்கவில்லை. "அடுத்த ஆளுக்கு உதவும்" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த விடுதலைதான் அவருக்குக் கண்ணைத் திறந்தது என்று நினைக்கிறேன். ஆள் வெளியே போனால் செலவும் கூடவே வெளியே போய்விடுகிறது. அதன் பின், வயிற்றுவலியோடு வந்த ஒரு பெடியனுக்கு வைத்தியர் ஸ்கானும் வேறு சோதனைகளும் வெளியே எழுதினார். ஜெயிலர் ஐயா சீட்டைப் பார்த்தார், விலைப்பட்டியலைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளில் ஏறி நீதிமன்றத்துக்குப் பறந்தார். அங்கே ஓர் இளம் சட்டத்தரணியைப் பிடித்து, பெடியனின் உடல்நிலையைச் சொல்லிக் கண் கலங்கி, மத்தியானத்துக்குள் பிணை எடுத்துவிட்டார். திரும்பி வந்து எங்கள் வாங்குப் பலகையில் படுத்திருந்தவனின் விலங்கைத் தானே கழற்றினார்.

"தம்பி, நீர் இப்ப சுதந்திரப் பறவை."

"அப்ப ஸ்கான், ஐயா?"

"அது பறவையின்ர விருப்பம்."

பெடியனின் தாய் வந்து அவருடைய காலில் விழுந்தா. ஸ்கானுக்கு அவ தன் தோட்டைக் கழற்றியது அதற்குப் பிறகு. இப்படி ஒவ்வொருவராக வெளியே வரத் தொடங்கியதும் பட்டினத்தில் அவருடைய பெயர் பரவியது. நோயாளிகளை மறியலில் வைத்திருக்கப் பொறுக்காத மனம் என்றார்கள். ஒரு திருநாள் மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். சிறையில் பூத்த கருணை என்று ஒருவர் பேசினார். ஐயா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடக்கமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அவரிடம் உண்மையாகவே இருந்தன.

ஆனால் அவரைச் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் மறியலுக்குள்ளேதான் இருந்தார்கள். உள்ளே இருமல் தொடங்கியது. பிறகு நெஞ்சுவலி, தலைச்சுற்று. மலிவான வருத்தம் எதுவும் யாருக்கும் வரவில்லை. தாராபுரத்துப் பக்கத்து ஆள் ஒருவர், காவலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் விலைப்பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, எல்லாத்திலயும் விலை கூடினது, இது என்ன வருத்தத்துக்கு?"

"அது கர்ப்பப்பைக்கு, அண்ணை."

"ஓ." விரல் கீழே நகர்ந்தது. "அப்ப இது?"

ஜெயிலர் ஐயா ஏமாறுகிறவர் அல்ல. என்னிடம் வந்து, "இவருக்கு வருத்தம் பொய் எண்டு ஒரு துண்டு எழுதித் தாரும் பிள்ளை" என்றார்.

"சோதிச்சாத்தான் எழுதலாம், ஐயா. சோதிச்சா காசு."

ஐயா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். "பாத்த பார்வையில எழுத ஏலாதோ?"

ஓலைத்தொடுவாய் ஊர் மீனவர் ஒருவர் வந்தது இந்தக் காலத்தில்தான். தடை செய்த வலையை வைத்திருந்ததாக வழக்கு. பிணைக்கு இரண்டு ஆள் வேண்டும். நிற்க ஒருவரும் வரவில்லை. வலையைப் பறித்துவிட்டார்கள், படகு என்ஜினைக் காசுக்கு ஏற்கெனவே அடைவு வைத்தாயிற்று. கழுத்தின் இடது பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் தொடங்கிய கழலை எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆசுப்பத்திரியில் அதில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மருந்துத் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தலில் போட்டார்கள். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால்தான் அது புற்றா, வேறு ஏதாவதா என்று தெரியும். சுணங்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லி, வெளியே எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆய்வுகூடம் வழியாக அனுப்புவதற்கு ஆன செலவு என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

காவலர் போத்தலை என் மேசையில் வைத்தார். ஜெயிலர் ஐயா பட்டியலைக்கூட வாசிக்கவில்லை. நேரே நீதிமன்றத்துக்குப் போனார்.

இந்த முறை பிணைக்குத் தானே ஆட்களையும் தேடிப் பிடித்திருந்தார். ஆனால் மறுநாள் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவருடைய முகம் சரியாக இல்லை.

"பிள்ளை, இந்த மனுசனுக்கு நீர் ஒருக்கா சொல்லும். பிணைப் பத்திரத்தில கையெழுத்து வைக்க மாட்டாராம்."

ஓலைத்தொடுவாய்க்காரர் வாங்கில் அமைதியாக இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"வெளிய போனா இந்தப் போத்தல் என்ர போத்தல்" என்றார். "உள்ள இருந்தா ஐயாட போத்தல். என்னட்ட அதுக்குக் காசில்லைத் தங்கச்சி. ஐயாட்ட ஒரு அரசாங்கமே இருக்கு."

"பெஞ்சாதி பிள்ளையளோட இருக்க ஆசை இல்லையோ உமக்கு?" என்றார் ஐயா.

மனைவி முந்திக்கொண்டா. "கன நாளைக்கு இருக்கோணும் எண்டுதான் ஐயா ஆசை. அதுக்குத்தான் உள்ள இருக்கட்டும் எண்டுறன்."

"தங்கச்சி, புருசனை வெளிய விடாதேங்கோ எண்டு கேக்கிற ஒரு பொம்பிளையை என்ர சேர்விசில நான் காணேல்லை."

"வருத்தக்காரனை வெளிய கலைக்கிற ஜெயிலரை நாங்களும் காணேல்லை ஐயா."

போத்தல் என் மேசையிலேயே இருந்தது. பெயர், வயது, வெட்டியெடுத்த இடம் எல்லாம் எழுதியாகிவிட்டது. காசுக்குப் பொறுப்பானவர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஒருக்கா தருமம் செய்தா நாளைக்கு முழு மறியலும் வாசலில நிக்கும்" என்றார். துண்டு பழுதாகாது, மருந்துத் தண்ணீர் காப்பாற்றும். கழுத்தில் மீதியாக இருந்ததைக் காப்பாற்றத்தான் ஒன்றுமில்லை.

ஜெயிலர் ஐயா தோல்வியை ஒப்புக்கொள்கிறவரா? வழக்கின் அடுத்த தவணையில் நீதவானிடம் போய் இன்னொரு முறை கண் கலங்கினார். பிணையாள், பத்திரம் ஒன்றும் வேண்டாம், தவணைக்கு வந்தால் போதும் என்று எச்சரித்து விடுவித்தார் நீதவான். அந்தக் கட்டளையோடு ஐயா எங்கள் படியில் ஏறியபோது சாத்தியிருந்த கண்ணாடிக் கதவைச் சோளகக் காற்று படபடவென்று உலுக்கிக்கொண்டிருந்தது. ஆசுப்பத்திரிக்கு மருந்து கட்ட வந்த ஓலைத்தொடுவாய்க்காரர் மனைவியோடும் காவலரோடும் எங்கள் விறாந்தையில் நின்றார். ஐயா விலங்கைக் கழற்றினார். "சந்தோசமாப் போயிட்டு வாரும்" என்றார்.

ஓலைத்தொடுவாய்க்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு ஐயாவின் கமக்கட்டிலிருந்த தொப்பியை உருவி றோட்டில் எறிந்தார். தொப்பி உருண்டுபோய், நடுத்தெருவில் படுத்திருந்த கழுதையின் காலடியில் நின்றது.

விறாந்தையில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அரச உத்தியோகத்தர் மீது கை வைப்பது பெரிய குற்றம்; அதற்கு உடனே பிணை கிடைக்காது. ஐயாவுக்கு அது விளங்கிய கணத்தை நான் அவருடைய முகத்தில் கண்டேன்.

"காத்து" என்றார் ஐயா. "சரியான காத்து இண்டைக்கு."

"காத்தோ?" என்று கேட்டுவிட்டு ஓலைத்தொடுவாய்க்காரர் அவருடைய கன்னத்தில் அறைந்தார். கோபமாக அல்ல, முத்திரை குத்துவதுபோல, அளவாக. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"கதவு" என்றார் ஐயா, கன்னத்தைத் தடவிக்கொண்டு. "காத்துக்குக் கதவு அடிச்சுப் போட்டுது."

ஆசுப்பத்திரி வாசலில் நின்ற பொலிஸ்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அடித்தவர் "நான்தான் அடிச்சனான்" என்றார். அடிபட்டவர் "ஒருத்தரும் அடிக்கேல்லை" என்றார். காவலரோ ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் தொப்பியை எடுக்கப் போயிருந்ததாகச் சொன்னார். பொலிஸ்காரர் கண்ணாடிக்கு உள்ளே நின்ற என்னிடம் வந்தார்.

"மிஸ், நீங்கள் பாத்தனீங்களோ?"

ஜெயிலர் ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஓலைத்தொடுவாய்க்காரரின் பார்வையிலும் அதே கெஞ்சல்தான். நல்ல வேளையாக, உண்மையைச் சொன்னால் போதுமாயிருந்தது.

"தொப்பியை எறிஞ்சவர். கன்னத்தில அடிச்சவர். கதவு அந்த நேரம் சாத்தியிருந்தது."

விலங்கு மறுபடி பூட்டப்பட்டது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "பெரிய உபகாரம் தங்கச்சி" என்றா. பொலிஸ்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்; இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அவருக்கு அதிக நாளாகவில்லை.

பின்னேரம் ஆள் நீதவான் முன்னால் போய் மறுபடி மறியலுக்கு வந்து சேர்ந்ததும், ஜெயிலர் ஐயா தனியாக என்னிடம் வந்தார். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. பேனையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மறியல் ஆக்களுக்கு விலையில கழிவு ஏதும் இருக்கோ?"

"இல்லை, ஐயா."

"அடி வாங்கினவருக்கு?"

"கதவு அடிச்சதுக்குக் கழிவு இல்லை, ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். அன்றைய பஸ்ஸிலேயே போத்தல் கொழும்புக்குப் போனது.

முடிவு வந்த அன்று அதை வாங்க அவரே வந்தார். புற்று இல்லை, சயரோகக் கழலை. ஒழுங்காக மருந்து எடுத்தால் மாறிவிடும் என்று சொன்னேன். ஐயா கதிரையில் குந்திக் கண்ணைத் துடைத்தார். மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்திருந்தாராம். மருந்து அரசாங்கக் கிளினிக்கில் சும்மா கிடைக்கும் என்றதும் என்னை வாழ்த்தினார்.

"சும்மா! பிள்ளை, நீர் நல்லா இருப்பீர். அப்ப ஆள் உள்ளயே இருக்கட்டும். ஒரு கரைச்சலும் இல்லை."

அன்று பின்னேரமே அந்த மனைவி வந்தா. புருசனுக்கு மருந்து இருக்கிறது, இனி அவர் வெளியே வரலாம்; ஆனால் அறைந்த வழக்கில் பிணை மறுத்துவிட்டார்கள். முக்கிய சாட்சி நான். "தங்கச்சி, அது காத்துத்தான் எண்டு இனிச் சொல்லுவியளோ?" என்று கேட்டா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருமுறை எழுதிக் கொடுத்த முடிவை மாற்றி எழுதுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ கோபிக்கவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

வழக்குக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போகும் வழியெல்லாம் சொல்லப்போவதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். எப்படி ஒழுங்குபடுத்தினாலும் கதவு சாத்தியே இருந்தது.

முதலில் ஜெயிலர் ஐயாவைக் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"எதிரிக் கூண்டில் நிற்கிறவர் உங்களை அடித்தாரா?" என்று நீதவான் கேட்டார்.

"இல்லை, ஐயா. சோளகக் காத்துக்குக் கதவு அடிச்சது."

"தொப்பி?"

"அதுவும் காத்துத்தான், ஐயா."

நீதவான் பேனையைக் கீழே வைத்தார். அடிபட்டவரே அடிபடவில்லை என்று சத்தியம் செய்யும்போது மேற்கொண்டு நடத்த ஒன்றுமில்லை என்று பொலிஸ்காரர் வழக்கை விட்டுவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. வலை வழக்கில் ஏற்கெனவே எச்சரித்து விட்டிருந்ததால் ஓலைத்தொடுவாய்க்காரர் அப்படியே வெளியே நடந்து வந்தார்.

வெளியே மரநிழலில் ஜெயிலர் ஐயா எங்கள் எல்லாருக்கும் தன் காசில் சோடா வாங்கித் தந்தார். நான் அவரிடம் நேரடியாகவே கேட்டேன். "ஏன் ஐயா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"டொக்டர் ஒரு துண்டு எழுதி அனுப்பினவர் பிள்ளை" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆறு மாதம். ஒவ்வொரு நாளும் ஆளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், அவையளுக்கு முன்னால வைச்சுத்தான் மருந்து விழுங்க வைக்கோணுமாம். வானுக்கு டீசல், ரெண்டு காவலர். அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் முட்டையும் பாலும். இதுக்கெல்லாம் நான் கையெழுத்து வைச்சா கணக்காய்வு என்னை உயிரோட விடுமோ?"

சோடாவைக் குடித்து முடித்து, போத்தலைக் கடைக்காரரிடம் கொடுத்தார். பிறகு ஓலைத்தொடுவாய்க்காரரின் மனைவியிடம் போனார். அவருடைய முகத்தில் இருந்த அக்கறை பொய் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

"தங்கச்சி, முட்டையை மட்டும் விட்டிடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் குடுக்கோணும். செலவைப் பாக்காதேங்கோ, மனுசன்ர உயிரெல்லோ."